நாட்டிங்ஹாம் வரப்போற தம்பிக்கு

டேய் தம்பி,

விசா வந்துருச்சுன்னு சித்தி சொன்னாங்க, ரொம்ப சந்தோஷம்டா. ஐஈஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரீட்சைல நல்ல மார்க் எடுத்துட்டோம்ங்கிற தெம்புல வந்து இறங்குவ, ஆனா இங்க பஸ்ல ஏறின உடனே டிரைவர் உன்ன "டக்"னு கூப்பிடுவாரு. ஆமா, வாத்துதான். ஆம்பளை பொம்பளைன்னு எல்லாம் கணக்கே கிடையாது, ஒரு தாத்தா இன்னொரு தாத்தாவ பாத்து "ஏ அப் மி டக்"ம்பாரு, நம்ம பக்கம் "என்னப்பா"ங்கிற மாதிரி, அவ்ளோதான்.

டீய "மேஷ்" பண்ணவான்னு கேப்பாங்க, மசிக்க மாட்டாங்க, போட்டுத்தான் தருவாங்க. மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தா மார்டி. குளிர் தாங்காதவன் நெஷ், இந்தப் பட்டம் உனக்கு நவம்பர்லயே கிடைச்சிரும். பன்னுக்கு இங்க காப்னு பேரு, அதையே மான்செஸ்டர்ல பார்ம்ங்கிறான், கவென்ட்ரில பேட்ச்ங்கிறான், இதுக்கெல்லாம் நிஜமாவே சண்டை போடுவாங்க, நீ நடுவுல போகாத. மேகம் கருத்துச்சுன்னா "பில்லோட அம்மா வீட்டுப் பக்கம் கருப்பா இருக்கு"ம்பாங்க. எந்த பில்லுன்னு ஆளுக்கு ஒரு கதை, நீ பாட்டுக்கு தலையாட்டிட்டுப் போ.

இதெல்லாம் தப்பான இங்கிலீஷ்னு மட்டும் நினைச்சிராத. லீட்ஸ் யுனிவர்சிட்டில ஹரால்ட் ஓர்ட்டன்னு ஒரு புரொபசர், 1950லருந்து 1961 வரைக்கும் 313 ஊருக்கு ஆள் அனுப்பி, முக்கியமா வயசான கிராமத்து ஆளுங்ககிட்ட உக்காந்து இந்த மாதிரி வார்த்தையெல்லாம் எழுதி எடுக்க வெச்சாரு. ஊர் பேச்சுன்னா அதுக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு.

சிக்கல் எங்கன்னா எங்க ஹவுஸ் ஓனர் அம்மாகிட்ட. அவங்க பேச்சுல பாதி ஊர் பேச்சு, மீதி அவங்களோட சொந்த தயாரிப்பு, புதுசா வர்றவனுக்கு எது எதுன்னு பிரிக்கவே தெரியாது. கால்ல நரம்பு புடைச்சு சுருண்டுக்கிற வெரிகோஸ் வெயின்ஸ் இருக்கு, அவங்க அத "வெரி க்ளோஸ் வெயின்ஸ்"ங்கிறாங்க, நரம்பெல்லாம் கிட்டக்க கிட்டக்க இருக்காம். ஸ்பெசிஃபிக்கா சொல்லுன்னு கேக்கணும்னா "பசிஃபிக்கா சொல்லு". நமத்துப்போன வெடிய இங்கிலீஷ்ல டேம்ப் ஸ்குவிப்ம்பாங்கல்ல, இவங்க வாயில அது "டேம்ப் ஸ்குவிட்", கணவா மீன்! அவங்க மகன் ஒரு தடவை திருத்தப் பாத்தான், அதுக்கு அவங்க "கணவா ஈரமா இல்லாம பின்ன எப்படிடா இருக்கும்"னு கேட்டாங்க பாரு, அவன் வாயே திறக்கல.

ஆனா ஒண்ணுல மட்டும் அவங்கள அசைக்க முடியாது. அடுத்தவங்க தப்புக்கு பழி சுமக்கிறவன இங்கிலீஷ்ல ஸ்கேப்கோட்ம்பாங்கல்ல, இவங்க அத "எஸ்கேப் கோட்"ம்பாங்க, தப்பிச்ச ஆடு. சிரிச்சிட்டு போய் தேடிப் பாத்தா, 1530ல வில்லியம் டிண்டேல் பைபிள மொழிபெயர்க்கிறப்ப எஸ்கேப் ஆகுற ஆடுன்னு நினைச்சுத்தான் அந்த வார்த்தையவே உண்டாக்கியிருக்காரு. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்துல ரெண்டு ஆடு வரும், ஒண்ண பலி கொடுக்கிறாங்க, இன்னொன்னு மேல ஜனங்களோட பாவத்த எல்லாம் ஏத்தி உயிரோட வனாந்தரத்துக்கு அனுப்பிடுறாங்க. நாம பலிகடான்னு சொல்லி அதையும் வெட்டிட்டோம், இந்தம்மா தெரியாமலே காப்பாத்திட்டு இருக்காங்க.

அதனால புதுசா ஒரு வார்த்தை காதுல விழுந்தா உடனே நோட்ல எழுதிக்காத. பஸ் டிரைவரும் சொல்றாரா, காப் கடைக்காரரும் சொல்றாரான்னு கவனி, சொன்னா அது ஊரோடது, நீயும் தாராளமா பேசு. ஓனர் அம்மா மட்டும் சொன்னா வீட்டோட வெச்சிக்கோ, ஆபீஸ் மெயில்ல பசிஃபிக்னு எழுதித் தொலைச்சிராத.

மேல் ரூம் உனக்குத்தான்னு பேசி வெச்சிருக்கேன். நீ வந்த முதல் ஞாயித்துக்கிழமையே "டின்னருக்கு வா"ன்னு கூப்பிடுவாங்க, அது மத்தியானம் ஒரு மணிக்கு, ராத்திரி எட்டு மணிக்கு குளிச்சு கிளிச்சு சட்டை மாத்திட்டு போய் நிக்காத. சாயங்காலம் "டீக்கு வா"ன்னாங்கன்னா அது பிஸ்கட் இல்ல, முழு சாப்பாடு. வயித்த காலியா வெச்சிட்டுப் போ.

அக்கா