ஜாம் கருவிகளில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டிலேயே பழ ஜாம் செய்ய உதவும் கருவிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். தானாகக் கிளறும் இயந்திரம், பிளெண்டர், கொட்டை நீக்கும் கருவி என்று நீண்ட அந்தப் பட்டியலில் வெப்பமானியும் தராசும் விட்டுப்போனது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. ஜாம் செய்ய நான் முதலில் வாங்கச் சொல்வது அந்த இரண்டையும்தான்.

பழத்திலேயே இருக்கும், ஜாமை உறைய வைக்கும் பெக்டின் என்ற பொருள், புளிப்பு, சர்க்கரை மூன்றும் சரியாகக் கூடினால்தான் ஜாம் உறையும். கொதித்து நீர் வற்றி, கலவையில் சர்க்கரை சுமார் 65 சதவீதத்தை எட்டும்போது அதன் சூடு 104, 105 டிகிரி செல்சியஸுக்கு வந்துவிடும். அதுதான் பதம். மலைப்பகுதிகளில் தண்ணீரே 100 டிகிரிக்குக் கீழே கொதித்துவிடும் என்பதால், அங்கே அது எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து, அதற்கு மேல் 4 அல்லது 5 டிகிரி என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரையோ "கெட்டியாகும் வரை கிளறவும்" என்று முடித்துவிட்டது. புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். அடுப்பில் இருக்கும்வரை ஜாம் தளதளவென்றுதான் இருக்கும். ஆறிய பிறகே இறுகும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விட்டால் பெக்டின் சிதைந்து, பாகு முற்றி, கரண்டியை இழுத்துப் பிடிக்கும் மிட்டாயாகிவிடும். வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சின்னத் தட்டை ஃப்ரீசரில் வைத்திருந்து, அடுப்பை அணைத்துவிட்டு, அதில் ஒரு சொட்டு ஜாம் விடட்டும். ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளும்போது மேல்பரப்பு சுருங்கி மடிப்பு விழுந்தால் போதும். ஒழுகினால் மறுபடியும் கொதிக்க விடலாம்.

பாத்திரம் அகலமாக, அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். அகலம் கூடினால் நீர் சீக்கிரம் வற்றும், பழத்தின் நிறமும் மணமும் நிற்கும். வெறும் அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். பிளெண்டரும் அவசியமில்லை. மென்மையான பழங்களை மசித்தாலே போதும். அரைத்தால் காற்று புகுந்து நுரைதான் அதிகமாகும்.

"விருப்பப்படி சர்க்கரையைக் குறைக்கலாம்" என்ற வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். சர்க்கரை வெறும் இனிப்புக்காக மட்டும் போடுவதில்லை. குறைத்தால் சாதாரண பெக்டின் உறையாது, பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். குறைத்தே ஆக வேண்டுமென்றால் கால்சியத்தோடு உறையும் தனிவகைப் பெக்டின் இருக்கிறது. அப்படிச் செய்ததைக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். பப்பாளி, வாழை போன்ற புளிப்புக் குறைந்த பழங்களில் எலுமிச்சைச் சாற்றை விட்டுவிடவே கூடாது. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் கூடினால் புளிப்பு குறைவு என்று பொருள்) 4.6-க்கு மேலே போனால், காற்றுப் புகாத பாட்டிலுக்குள் போட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அடுத்த முறை ஜாம் செய்முறை வெளியிடும்போது பழத்தையும் சர்க்கரையையும் கிராமில் கொடுங்கள். நறுக்கும் துண்டின் அளவைப் பொறுத்து ஒரு கோப்பைப் பழத்தின் எடை மாறிக்கொண்டே இருக்கும். இறக்க வேண்டிய சூடு, பாட்டிலின் மேல்பக்கம் விட வேண்டிய இடைவெளி, மூடிய பாட்டிலைக் கொதிநீரில் வைக்க வேண்டிய நேரம் ஆகியவற்றையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி