செந்திலுக்கு: 2/5-க்கே இறங்கிவிடு

அன்புள்ள செந்தில்,

நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போர் மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது, காயில் கட்டக் கொடுத்திருக்கிறோம். வித்யாவின் மாமியார் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காலையில் காபி போட்டதும் நீ போக்கர் ஆடும் கணக்கை எழுதும் கூகுள் ஷீட்டைத்தான் திறப்பேன் என்று உனக்குத் தெரியும். “நீதானே ஸ்டாட்டிஸ்டிக்ஸ், நீயே ஆடிட் பண்ணு” என்று நீதான் கொடுத்தாய். 23ஆம் தேதிக்குப் பிறகு அதில் ஒரு வரிகூட இல்லை. நீ ஆடவில்லை என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆடிவிட்டு எழுதாமல் இருந்தால்தான் கவலை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், எவ்வளவுக்குச் சிப்ஸ் வாங்கினாய், எவ்வளவு கொண்டு வந்தாய், எந்த டேபிள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாய். தோற்ற இரவையும் மறைக்கவில்லை. நான் பாடம் நடத்திய காலத்தில் இவ்வளவு ஒழுங்காகத் தரவு சேர்த்த மாணவி ஒருத்திகூட எனக்குக் கிடைத்ததில்லை. சீட்டாட்டம் என்றாலே முகம் சுளிக்கும் குடும்பத்தில் பிறந்தும், நீ செய்வது பெரியப்பா செய்தது மாதிரி இல்லை என்று நான் நம்பியதற்கு அந்த ஷீட்தான் காரணம். பெரியப்பா கதையை நான் எடுக்கப் போவதில்லை.

அதே ஷீட்டின் முதல் பக்கத்தில் உன் கைப்பட ஒரு விதி இருக்கிறது: “5/10: மொத்தம் 3,000 பவுண்டு. போனால் 2/5.” எனக்கு மிகவும் பிடித்த வரி அது. ஒவ்வொரு கையிலும் இருவர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் தொகை, நீ பிளைண்ட் என்பாயே, அது 5-உம் 10-உம் பவுண்டாக இருந்தால் மேல் டேபிள், 2-உம் 5-உமாக இருந்தால் உன் பழைய டேபிள். கையில் 14,000 இருக்கும்போது 3,000-ஐ ஒதுக்கி மேல் டேபிளில் உட்கார்ந்து பார்ப்பது, போனால் மிச்சம் 11,000-ஓடு பழைய இடத்துக்கு வருவது. அங்கே ஒரு பை-இன், அதாவது உட்காரும்போது வாங்கும் சிப்ஸ், 500. 22 பை-இன் மிச்சம் இருக்கும், மூச்சு விடலாம். ஏறுவதற்கு இதைவிட ஒழுங்கான வழி எனக்குத் தெரியாது.

அப்புறம் என்ன ஆயிற்று? 5/10-இல் நாலு வரி. கூட்டல் 620. கழித்தல் 1,000. கழித்தல் 1,480. கடைசி வரி, இரவு 8 மணி முதல் காலை 5.40 வரை, கழித்தல் 2,140. நாலும் சேர்ந்தால் சரியாக 4,000 போயிருக்கிறது. அன்று உட்காரும்போது உன் ஒதுக்கீட்டில் 1,140 தான் மிச்சம். இரண்டாவது முறை காசு மாற்றியபோதே விதி முடிந்துவிட்டது. அப்போதே எழுந்திருக்க வேண்டாமா? குறிப்புக் கட்டத்தில் “ஆட்டம் நன்றாக இருந்தது” என்று எழுதியிருக்கிறாய். இருந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. எதிரே பணத்தை இறைக்கிறவன் உட்கார்ந்திருந்தால் எழுந்து வர யாருக்கு மனம் வரும்? ஆனால் உன் விதியில் “ஆட்டம் நன்றாக இருந்தால் தவிர” என்று ஒரு வரி இல்லையே.

இறங்கிவிடு, செந்தில். 2/5-க்கே இறங்கிவிடு.

உன் அறைச் சுவரில் கிறிஸ் ஃபெர்குசன் விதியை ஒட்டி வைத்திருந்தாய், நாங்கள் வந்தபோது பார்த்தேன். 2000இல் போக்கர் உலக சாம்பியன் ஆனவர், 2006இல் கையில் காசே இல்லாமல் ஆன்லைனில் தொடங்கி, 10,000 டாலர் சேர்த்துக் காட்ட உட்கார்ந்தார். அவர் விதி இதுதான்: மொத்தப் பணத்தில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு கேஷ் டேபிளுக்குக் கொண்டு போகக் கூடாது. டேபிளில் முன்னால் இருக்கும் சிப்ஸ் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால், பிளைண்ட் தன்னிடம் வரும்போது எழுந்துவிட வேண்டும். இப்போது உன்னிடம் 10,000 இருக்கிறது. அதில் 5 சதவீதம் 500. அது 2/5 டேபிளின் பை-இன். 5/10-இல் உட்கார்ந்த நிமிஷமே 10 சதவீதம் மேஜைமேல் வந்துவிடுகிறது. ஒரு கை ஜெயித்தாலும் நீ எழுந்தாக வேண்டும்! அப்படி ஒரு இடத்தில் நிம்மதியாக எப்படி ஆடுவாய்?

இனி நான் சொல்ல வந்த கணக்கு. உன் வரிகளிலிருந்தே எடுத்தேன். 2/5-இல் பெரிய பிளைண்ட், அதாவது பிக் பிளைண்ட், 5 பவுண்டு. அங்கே உன் சராசரி மணிக்கு 6 பிக் பிளைண்ட், அதாவது 30 பவுண்டு. நல்ல ஆட்டக்காரனின் எண் அது. விலக்கம், அதாவது சராசரியிலிருந்து முடிவுகள் ஏறி இறங்கும் அளவு, மணிக்கு ஏறத்தாழ 50 பிக் பிளைண்ட். இந்த இரண்டும் தெரிந்தால், கையிலுள்ள முழுப் பணமும் என்றாவது ஒருநாள் தீர்ந்துபோகும் வாய்ப்பைச் சொல்லிவிடலாம். சராசரியைப் பணத்தால் பெருக்கி, அதை இரட்டித்து, விலக்கத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதை e என்கிற எண்ணின் (ஏறத்தாழ 2.718) எதிர்மறை அடுக்காகப் போட வேண்டும், அவ்வளவுதான். 2/5-இல் 20 பை-இன்னோடு இருந்தால், பதினாயிரத்தில் ஒன்றுகூட வரவில்லை. கோட்டை மாதிரி இருக்கிறாய்.

ஆனால் ஜூலையிலிருந்து ஷீட்டில் ஒரு புதுப் பத்தி முளைத்திருக்கிறது. வாடகை. அதற்குக் கீழே சாப்பாடு, ட்ரெயின். மாதம் 3,000 பவுண்டு இந்தப் பணத்திலிருந்தே போகிறது. ஜூன் வரை அந்தப் பத்தி இல்லை. மாதம் 40 மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தவன் ஜூலையில் 120 மணி நேரம் ஆடியிருக்கிறாய். ஆபீஸுக்கும் போய்க்கொண்டு 120 மணி எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. நீ இன்னும் சீனியர் அனலிஸ்ட் என்றுதான் அவர் வங்கிக்குப் போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

120 மணிக்கு 3,000 என்றால் மணிக்கு 25 பவுண்டு. சம்பாதிப்பது 30, எடுப்பது 25, மிஞ்சுவது 5. ஒரே ஒரு பிக் பிளைண்ட். இந்த ஒன்றைப் போட்டுப் பார், அதே 20 பை-இன்னுக்குத் தீர்ந்துபோகும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று. சீட்டு அப்படியே இருக்கிறது, உன் ஆட்டமும் அப்படியே இருக்கிறது, வாடகை மட்டும்தான் புதிது. விதை நெல்லை எடுத்து உலை வைத்தால் எத்தனை போகம் தாங்கும்?

5/10-க்கு வா. அங்கே உள்ளவர்கள் கெட்டிக்காரர்கள். உன் சராசரி பாதியாகி மணிக்கு 3 பிக் பிளைண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் 30 பவுண்டுதான்! கூலி அதேதான், செலவு அதேதான். ஆனால் இப்போது உன் 10,000 வெறும் 10 பை-இன். மிச்சம் அரை பிக் பிளைண்ட். வாய்ப்பு மூன்றில் இரண்டு. நான் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

இதில் உனக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. நீ எப்போதும் இறங்கவே மாட்டாய் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு வருகிறது. இறங்கினால் எண்ணே மாறிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 5/10 எங்கும் ஓடிவிடாது. ஆறு மாதச் செலவு தனிக் கணக்கில், ஆட்டப் பணத்தில் சேராமல் இருக்கட்டும். அப்புறம் 2/5-இல் 15,000 சேர்த்துவிட்டு மறுபடி ஒரு 3,000 எடுத்து ஏறிப் பார்.

அதுவரை அந்த நல்ல டேபிளை விட மனம் வரவில்லை என்றால், பங்கு விற்றுவிட்டு உட்கார். உன் நண்பர்கள் பாதி போடட்டும், நீ பாதி போடு. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. டல்லாஸ் பாங்க் முதலாளி ஆண்டி பீல் லாஸ் வேகாஸ் வந்து பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனபோது, டாய்ல் பிரன்சன் மாதிரி பேர்பெற்ற போக்கர் ஆட்டக்காரர்களே தனியாகத் தாங்க முடியாமல் எல்லோரும் பணத்தைச் சேர்த்துப் போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் ஆடினார்கள். நீதான் எனக்கு அதைச் சொன்னாய்.

பங்கு என்றால் பங்கு. போட்டவனுக்கு ஜெயித்தாலும் பாதி, தோற்றாலும் பாதி, முதலிலேயே பேசி எழுதிக்கொள்வது. கைமாற்று அது இல்லை. வித்யா வீட்டுக்காரர் போன வாரம் பேச்சோடு பேச்சாக, “செந்தில் பத்து நாளில் தருகிறேன் என்றான், பரவாயில்லை அத்தை” என்றார். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டேன். எவ்வளவு என்று அவரிடம் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் போய் இதைக் கேட்கும் நிலையில் என்னை வைத்துவிட்டாயே. அது எதற்கு வாங்கியதாக இருந்தாலும் முதலில் அதைத் திருப்பிக் கொடு. அந்தப் பணம் உன் 10,000-க்குள் இருக்கிறது என்றால் உன்னிடம் 10,000 இல்லை.

அங்கே ஜெயித்த பணத்துக்கு வரி கிடையாது என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை, படித்துப் பார்த்தேன், சரிதான். இங்கே 30 சதவீதம் போயிருக்கும். ஆனால் வீட்டுக் கடனுக்குப் போனால் அங்கேயும் சம்பளச் சீட்டுத்தானே கேட்பார்கள்? சும்மா கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். அப்பா பக்கத்தில் இருக்கும்போது ஆட்டம் பற்றிப் பேச வேண்டாம், அவர் கோயிலுக்குப் போன பிறகு ஏழு மணிக்குமேல் எனக்குத் தனியாகக் கூப்பிடு. ஜனவரியில் என் எஃப்.டி. முதிர்கிறது. அது டேபிளுக்கு இல்லை, கேட்காதே. ஊருக்கு வர டிக்கெட்டுக்கு என்றால் கேள், அன்றைக்கே அனுப்புகிறேன்.

அம்மா