கூடாரம் வேண்டாம், வளவு வாசலே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டு வீடுகளில் பூட்டிக் கிடக்கும் அறைகளை எல்இடி விளக்கு போட்டு அடுக்குத் தோட்டமாக மாற்றலாம் என்று உங்கள் நாளிதழில் கட்டுரை வந்தது. அதைப் படித்த பலர், இணையத்தில் விற்கும் 'குரோ டென்ட்' என்ற செடி வளர்ப்புக் கூடாரத்தை வாங்கலாமா என்று எங்களிடம் விசாரிக்கிறார்கள். வாங்க வேண்டாம், வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றமாக இருக்கும் வளவு வாசலே போதும் என்பதுதான் எங்கள் பதில்.

அந்தக் கூடாரம் கீரைக்காகச் செய்ததல்ல. கனடா போன்ற நாடுகளில் வீட்டில் சில கஞ்சாச் செடிகள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அங்குள்ளவர்கள் குறைந்த இடத்தில் அதை வளர்க்கப் பெரிதும் பயன்படுத்தும் சாமான் இது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் அந்தச் செடியை வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சாமான் மட்டும் 'வீட்டுத் தோட்டம்' என்ற பெயரில் இங்கேயும் விற்பனைக்கு வந்துவிடுகிறது. வாடை வெளியே போகாமல் தடுக்கும் கரி வடிகட்டி அதில் உண்டு. கொத்தமல்லி வாசத்தை யாரிடமிருந்து மறைக்கப் போகிறோம்?

விளக்கு எரியும் நேரத்தில் இன்னொரு சிக்கல். கஞ்சா, இரவு நீண்டால் பூக்கும் செடி. அதனால் இலைப் பருவத்தில் 18 மணி நேரம் வெளிச்சம் கொடுத்து, பூக்க வேண்டிய நேரத்தில் 12 மணி நேரமாகக் குறைப்பார்கள். கொத்தமல்லிக்கு இது நேர்மாறு. பகல் நீண்டாலும் சூடு ஏறினாலும் அது தண்டு விட்டுப் பூவுக்குப் போய்விடும். கூடாரத்தோடு வரும் குறிப்பேட்டைப் பார்த்து டைமரை 18 மணி நேரத்துக்கு வைத்தால், இலை பறிக்கும் முன்பே பூப் பறிக்கலாம். 12 மணி நேரம் போதும்.

அடுத்தது மின்சாரம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள ஒரு தட்டில் கீரை தெம்பாக வளர, 20 வாட் எல்இடி டியூப் லைட் 4 வேண்டும். பலர் ஒன்றே ஒன்றைக் கட்டிவிட்டு, செடி நூல் போல நீண்டு சாய்கிறதே என்கிறார்கள். மூன்று தட்டுக்கு 240 வாட். நாளுக்கு 12 மணி நேரம் எரித்தால் 2.88 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 170 யூனிட்டுக்கு மேல். அரசு தரும் இலவச யூனிட் வீட்டு உபயோகத்திலேயே தீர்ந்துவிடும் என்பதால், இது அத்தனையும் மேல் அடுக்குக் கட்டணத்தில் சேரும். எரித்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக அந்த அறையிலேயே தங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சித்திரை வெயிலில் ஏசி போடாமல் தாங்காது.

வீட்டுக்கு வரும் கேடு இதைவிடப் பெரிது. காற்றோட்டமில்லாத அறையில் தினமும் நீர் ஆவியானால் சுண்ணாம்புப் பூச்சில் உப்புப் பூக்கும், மர நிலைகளும் ஈரத்தால் கெடலாம். தண்ணீரின் பிஎச் (அமில, காரத் தன்மை) அளவைக் குறைக்க விற்கும் அமிலம், சிமென்ட்டால் ஆன ஆத்தங்குடி டைல்ஸ் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் மெருகு போய்விடும். சிமென்ட்டையும் சுண்ணாம்பையும் அமிலம் அரிக்கும். அந்தத் தழும்பு எளிதில் போகாது.

வெளிச்சம்தான் வளவு வாசலில் இலவசமாகக் கொட்டுகிறதே! 6 அடி உயர ஆங்கிள் ரேக் ஒன்றை வாங்கி, பிரேக் உள்ள சக்கரம் மாட்டுங்கள். சக்கரம் கட்டாயம் வேண்டும். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஐப்பசி முதல் மாசி வரை வெயில் தெற்கே சாய்ந்து வருவதால், ரேக் வாசலின் வடக்கு ஓரத்தில் நிற்க வேண்டும். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முற்பாதி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். அப்போது தெற்கு ஓரத்துக்கு உருட்டுங்கள், 50 சதவீத நிழல்வலையும் போடுங்கள். வீட்டில் விசேஷம் என்றால் ஓரமாகத் தள்ளவும் சக்கரம் உதவும். வளவு பொது என்பதால் பங்காளிகளிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

தட்டுக்குத் தட்டு ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். மேல் தட்டு கீழ்த் தட்டை மறைக்காமலிருக்க, மேலே அகலம் குறைந்த தொட்டிகளை வையுங்கள். 4 அங்குல ஆழத் தொட்டி போதும். தட்டு நிறைய நனைந்த தென்னை நார்க்கழிவு 50 கிலோ வரை கனக்கும் என்பதால் பெரிய தொட்டிகள் கீழேதான் இருக்க வேண்டும். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் 70 லிட்டர் அளவுக்கு உப்பும். அதை மூன்று தரம் அலசி, 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி அலசுங்கள். இதைச் செய்யாவிட்டால் நாரில் தங்கிய உப்பு இலை நுனியைக் கருக்கும்.

உரத்துக்கு, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒருமுறை. கால்சியம் நைட்ரேட்டும் அதே அளவு, ஆனால் வேறொரு நாளில். இரண்டையும் கெட்டியாக ஒரே வாளியில் கரைத்தால் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து வெள்ளை மண்டியாக அடியில் படியும், செடிக்குப் போய்ச் சேராது. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் பாதிக்குப் பாதி மழைநீர் கலக்கலாம். ஓட்டுத் தண்ணீர் முழுவதும் வாசலில்தானே விழுகிறது. ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதை ஊற்றவே கூடாது.

மண்ணில்லாமல், பிவிசி குழாயில் தண்ணீர் ஓட்டிச் செடி வளர்க்கும் முறை பார்வைக்கு அழகு. ஆனால் கோடையில் மின்தடை வந்து மோட்டார் நின்றால், ஓரிரு மணி நேரத்தில் வேர் காயத் தொடங்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு அது ஆகாது.

கொத்தமல்லியை ஐப்பசிக்கு மேல் போடுங்கள். விதையை இரண்டாக உடைத்து 12 மணி நேரம் ஊறவைத்தால் முளைப்பு சீராக இருக்கும். வெந்தயக்கீரை 25 நாளில் பறிக்கலாம். புதினாவுக்கு 4 அங்குலத் தண்டு போதும், நிழல் விழும் கீழ்த் தட்டிலும் வளரும். தண்டுக்கீரைக்கு நல்ல வெயில் வேண்டும், அதற்கு மொட்டை மாடிதான்.

அறைக்குள்தான் ஏதாவது வளர்க்க வேண்டும் என்பவருக்கு முளைத்த சில நாளிலேயே அறுக்கும் இளங்கீரையான மைக்ரோகிரீன் ஒன்றுதான் கட்டுப்படியாகும். 10-க்கு 20 அங்குலத் தட்டில் கடுகு 20 கிராம் தூவி, 3 நாள் மூடி வைத்து, பிறகு தட்டுக்கு ஒரு டியூப் லைட் போட்டால் 10 நாளுக்குள் அறுத்துவிடலாம். சிறிய மின்விசிறி ஓடட்டும், மேலிருந்து தண்ணீர் தெளிக்க வேண்டாம், அடித்தட்டில் ஊற்றுங்கள். விதை நெருங்கி விழுந்து, மேற்பரப்பும் ஈரமாகவே இருந்தால் இளந்தண்டு அடியில் அழுகும் நாற்றழுகல் நோய் வந்து ஒரே இரவில் தட்டு முழுக்கச் சாய்ந்துவிடும்.

இப்படிக்கு,
வீட்டுத் தோட்டக்காரர்கள் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.