2025ஆம் வருஷ ஆண்டறிக்கை: பெரியவங்க அவங்க வீட்லயே பத்திரமா இருக்கறதுக்காக நம்ம சங்கம் செஞ்ச வேலைங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலத்துல அம்மாபேட்டை, குகை ஏரியாவுலருந்து வந்திருக்கறவங்களுக்கும், காலங்காத்தால பஸ் புடிச்சு ஏற்காட்டுலருந்து இறங்கி வந்த உறுப்பினருங்களுக்கும் ரொம்ப நன்றி. வரவு செலவு கணக்க பொருளாளர் எனக்கப்புறம் வாசிப்பாரு, நான் நடந்த வேலைய மட்டும் சொல்லிடறேன்.

போன மகாசபையில நாம முடிவு பண்ணது, டூர், பொங்கல் விழா எல்லாத்தையும் குறைச்சுக்கிட்டு, வீட்டுக்குள்ள பெரியவங்க வழுக்கி விழாம பாத்துக்கற வேலைய முதல்ல செய்யலாம்னு. ஏன்னா நம்ம தெருவுலயே திரும்ப திரும்ப பாக்கறோம், ஒரு தடவ விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா ஆபரேஷன், அப்புறம் படுக்கை, அப்புறம் பையனோ பொண்ணோ வந்து இனிமே தனியா இருக்க வேணாம்னு வீட்ட பூட்டி சாவிய எடுத்துட்டு பெங்களூருக்கு கூட்டிட்டு போயிடறாங்க. அவங்களும் பாசத்துலதான் செய்யறாங்க, தப்பு சொல்லல. ஆனா நாப்பது அம்பது வருஷம் இருந்த தெரு, பேசிக்கிட்டிருந்த சனம், கும்பிட்ட கோயில் எல்லாம் ஒரே நாள்ல போயிடுது. விழறதுக்கு முன்னாடியே வீட்ட சரி பண்ணிட்டா இதுல பாதிய தடுக்கலாம்னுதான் இறங்குனோம்.

வீடு வீடா போய் பாத்ததுல எல்லா வீட்லயும் கண்ணுல பட்டது பாத்ரூம்தான். நம்ம ஊர்ல காவேரி தண்ணி தினமும் வர்றதில்ல, வந்தப்ப புடிச்சு வெக்கணும், அதனால பாத்ரூமுக்குள்ளயே டிரம், குடம், பக்கெட்டுன்னு அடுக்கி கால் வெக்க எடமில்லாம, தரை எப்பவும் ஈரமா கெடக்குது. பழைய தறி வீடுங்கள்ல பாத்ரூம் கொல்லைப்புறத்துல இருக்கு, ராத்திரி எழுந்தா ரெண்டு படி இறங்கி இருட்டுல போகணும். டிரம்ம வெளிய எடுத்து வெச்சு டியூப் போட்டுக்கற மாதிரி பண்ணோம், படி ஓரத்துல வெள்ளை பெயிண்ட் அடிச்சோம், ஆள் நடந்தா தானா எரியற சின்ன எல்இடி லைட் மாட்டுனோம். இதெல்லாம் பெரிய செலவே இல்லைங்க.

கைப்பிடிதான் முக்கியம், அத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். நெறைய பேரு டவல் கம்பிய புடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கறாங்க, அது துணி காயப்போட மாட்டுனது, ஆள் பாரம் தாங்காது, வெடுக்குன்னு கையோட வந்துடும். குகை ஏரியாவுல ஒரு ஆயா வீட்ல கொத்தனார் வந்தவுடனே டைல்ஸ்ல மார்க் பண்ண போனாரு. நாங்க நிறுத்தி, ஆயா நீங்க ஒரு தடவ உக்காந்து எழுந்து காட்டுங்கன்னு சொன்னோம். அவங்க சேலைய இழுத்து சொருகிக்கிட்டு கமோட்ல உக்காந்து, வலது கைய செவுத்துல ஊனி எழுந்தாங்க. உள்ளங்கை பட்ட எடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டோம். கொத்தனார் நெனச்ச எடத்துக்கும் அதுக்கும் ஒரு சாண் வித்தியாசம்! அந்த செவுரு பழைய சுண்ணாம்பு செவுரு, சின்ன பிளக் போட்டா பொலபொலன்னு கொட்டுது, அதனால நீள ஆங்கர் போல்ட் வாங்கி வந்து இறுக்கி, கொத்தனாரே தொங்கி பாத்துட்டுதான் ஆயாவ புடிக்க சொன்னோம்.

கைப்பிடி வேணாம்னு சொன்னவங்களும் நெறைய, எனக்கென்ன அவ்ளோ வயசாயிடுச்சான்னு கேக்கறாங்க. அவங்கள கட்டாயப்படுத்தக் கூடாதுங்க, அவங்க வீடு, முடிவும் அவங்களோடதுதான். ஒருத்தர் வீட்ல மாட்டுனத கூட்டிட்டு போய் காட்டுனா மறுவாரம் அவங்களே போன் பண்றாங்க. பாத்ரூம் கதவு விஷயத்துலயும் இதே மாதிரி பேசித்தான் சம்மதிக்க வெச்சோம். உள்பக்கமா தெறக்கற கதவுல ஆள் விழுந்து சாஞ்சிட்டா வெளியருந்து தள்ள முடியாது, அதனால முடிஞ்ச வீட்ல கதவ வெளிப்பக்கம் தெறக்கற மாதிரி மாத்துனோம், வெளியருந்தும் தெறக்கற தாப்பாவா போட்டோம்.

ஏற்காட்டு பிரச்சனை வேற மாதிரி. ஐப்பசி கார்த்திகையில கல்லு பாதையெல்லாம் பாசி புடிச்சு வழுக்குது, பனியில எதிர்ல எதுவும் தெரியறதில்ல, ஒரு அவசரம்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு வரணும். எஸ்டேட் வேலை பாத்து ரிட்டயர் ஆன ஒரு தம்பதிக்கு கைத்தடி அடியில இருக்கற ரப்பர் தேஞ்சு மொழுக்குன்னு ஆயிருந்துச்சு, அத மாத்துனதே பெரிய வேலை. எல்லாரும் உங்க வீட்டு தடியையும் இன்னிக்கே திருப்பி பாருங்க.

மாத்திரை பத்தி ஒரு விஷயம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுலருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, நல்ல விஷயம். ஆனா சில பேரு வெளிய டாக்டர்கிட்டயும் வாங்கறாங்க, ஒரே மருந்து ரெண்டு பேர்ல ரெண்டு டப்பாவுல இருக்கு, ரெண்டையும் போட்டுக்கறாங்க. பிரஷர் இறங்கிடும், எழுந்தா தலை சுத்தும், விழுந்துடுவாங்க. நம்ம உறுப்பினர் ஒருத்தர், ரிட்டயர்டு நர்ஸ், வீடு வீடா போய் எல்லா அட்டையையும் கட்டில்ல பரப்பி பாத்து, டாக்டர்கிட்ட காட்ட வேண்டியத எழுதி குடுத்தாங்க. அவங்களுக்கு இந்த சபை கைதட்டி நன்றி சொல்லணும். படுத்துட்டு இருந்து எழுந்தா கட்டில் ஓரத்துல ஒரு நிமிஷம் உக்காந்துட்டு நடங்கன்னும் அவங்கதான் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டே இருக்காங்க.

தனியா இருக்கறவங்களுக்கு பால் பாக்கெட் ஏற்பாடு. காலைல எட்டு மணிக்கு மேலயும் பால் வாசல்லயே கெடந்தா பக்கத்து வீட்டுக்காரங்க கதவ தட்டணும், சாவி ஒண்ணு அவங்ககிட்ட இருக்கணும். இதுக்கு சம்மதம் குடுக்காதவங்க இன்னும் இருக்காங்க, தயவு செஞ்சு யோசிங்க.

ஒரு வக்கீல் வந்து 2007 முதியோர் பராமரிப்பு சட்டம் பத்தி பேசுனாரு. வீட்ட பிள்ளைங்க பேருக்கு செட்டில்மெண்ட் எழுதறப்ப, என்னை கடைசி வரைக்கும் பாத்துக்கணும்னு பத்திரத்துலயே எழுதிடுங்க, பாத்துக்கலன்னா 23வது பிரிவுல ஆர்டிஓ ஆபீஸ்ல (வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்லைங்க, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ்) மனு குடுத்து பத்திரத்த ரத்து பண்ண கேக்கலாம்னு சொன்னாரு. அன்னிக்கு அழுதவங்களும் உண்டு. பெரியவங்களுக்கான உதவி போன் நம்பர் 14567, ஆன்லைன்ல பணம் போச்சுன்னா உடனே 1930, ரெண்டையும் பெரிய எழுத்துல அடிச்சு எல்லா வீட்டு பிரிட்ஜ்லயும் ஒட்டியாச்சு. நவம்பர்ல பென்ஷன் உயிர்ச்சான்று போஸ்ட்மேன் வீட்டுக்கே வந்து போட்டு குடுத்தாங்க, யாரும் கியூவுல நிக்கல.

நடக்காம போனது ஒண்ணு. நம்ம ஏரியாவுல ஒரு பேங்க் கிளைக்கு செங்குத்தா படி, புடிச்சுக்க கம்பியே கெடையாது. மனு குடுத்தோம், நேர்ல போய் பேசுனோம், பதில் இல்ல. மறுபடியும் குடுக்கப்போறோம், இந்த தடவ எல்லாரும் கையெழுத்து போடணும். நோட்டு வாசல்ல டேபிள் மேல இருக்கு, சாப்பிட போறதுக்கு முன்னாடி போட்டுடுங்க. கைப்பிடி வேணும்ங்கறவங்க அதே நோட்டுல கடைசி பக்கத்துல பேரும் தெருவும் எழுதுங்க, தை பொறந்ததும் கொத்தனார கூட்டிட்டு வர்றோம்.

இப்படிக்கு,
செயலாளர்