மேலுறை பற்றி ஒரு வரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

என்னிடம் இருக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்கு அது தேவையில்லை. விற்பனைப் பட்டியலில் உள்ள ஒரு வரியை மட்டும், அது வெளியாகும் முன் உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’, கிரிகரி ரபாஸாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஹார்ப்பர் அண்ட் ரோ, நியூயார்க், 1970. அதன் கீழே ‘மேலுறை வேறொரு பிரதியினுடையது’ என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் மேசைமீது இரண்டு பிரதிகள் கிடந்த அந்த மாலையை நான் மறக்கவில்லை. அட்டைமீது போர்த்தும் தனித்தாளான மேலுறையின் முன் உள்மடிப்பைப் பிரித்து, முதல் பத்தி ஆச்சரியக்குறியில் முடிந்தால் முந்தியது, முற்றுப்புள்ளியில் முடிந்தால் பிந்தியது என்று காட்டினீர்கள். 7.95 டாலர் என்ற விலை கத்தரிக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். ‘முதல் பதிப்பு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பக் கூடாது, இந்தப் பதிப்பகத்தார் மறு அச்சிலும் அதை அப்படியே விட்டுவிடுவதுண்டு, ஆகவே கடைசிப் பக்கத்தின் அடியில் எண் வரிசை இருக்கிறதா, இருந்தால் அது மறு அச்சு, என்று புரட்டிப் பார்க்க வேண்டும் என்றீர்கள். பிறகு, புத்தகக் கழகங்கள் தம் உறுப்பினர்களுக்கென்று அச்சிடும் பதிப்புகளில் பின்னட்டையின் கீழ் மூலையில் மையில்லாமல் அழுத்தப்பட்டிருக்கும் சிறு குழியைத் தேடி, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு கட்டைவிரலால் தடவினீர்கள். அந்த விரலிடம்தான் நான் இந்தத் தொழிலையே கற்றேன்.

அதே விரல்கள்தான், ஆச்சரியக்குறியுள்ள மேலுறையை மறு அச்சுப் பிரதியிலிருந்து கழற்றி, உறை கிழிந்திருந்த முதல் அச்சுக்குப் போர்த்தின. “இப்போது முழுசாச்சு” என்றீர்கள். நானும் சிரித்தேன். பல ஆண்டுகள் கழித்து, அன்று நான் அந்த அறையிலேயே இல்லாதது போல, அதே பிரதியை முழு விலைக்கு என்னிடமே தந்தீர்கள். உங்களிடம் பேரம் பேச எனக்கு எப்போதும் வராது.

நம் வட்டத்தில் இதைச் செய்யாதவர் யார் என்று கேட்பீர்கள். செய்தவர்களின் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் பெயரையும் எழுதவில்லை. ஆனால் பட்டியலில் அந்த வரியை எழுதாமல் விட என்னால் முடியவில்லை, அதற்காக என்னை மன்னித்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்தானா என்பதும் எனக்குச் சரியாக விளங்கவில்லை.

ஏனென்றால், பாஸ்டர்நாக்கின் ரஷ்ய நாவலான ‘டாக்டர் ஷிவாகோ’வின் 1958 பாந்தியன் பதிப்பை வெறுமனே ‘முதல் பதிப்பு’ என்று எழுதிய ஒரு வியாபாரியை, எல்லோர் முன்னிலையிலும் திருத்தியவர் நீங்கள். அது முதல் அமெரிக்கப் பதிப்பு மட்டுமே, லண்டனில் காலின்ஸும் ஹார்வில்லும் அதே 1958இல் வெளியிட்டார்கள், இவை எல்லாவற்றுக்கும் முன்பு, ரஷ்ய மூலம் அச்சேறுவதற்கும் முன்பு, 1957 நவம்பரில் மிலானில் ஃபெல்ட்ரினெல்லி இத்தாலிய மொழிபெயர்ப்பாக வெளியிட்டதே உலகின் முதல் பதிப்பு, ஒரு மொழிபெயர்ப்பே மூலத்துக்கு முந்திய அபூர்வம் இது என்று மூச்சு விடாமல் சொன்னீர்கள். ஓர் அடைமொழி விடுபட்டதற்கே அவ்வளவு கறாராக இருந்தவருக்கு ஒரு மேலுறை எப்படிச் சின்ன விஷயமாயிற்று?

அந்த வரியால் விலை குறையும். அது என் நஷ்டம், அதைக் கணக்குப் பார்த்துத்தான் எழுதினேன். வாங்குபவர் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு நண்பரிடமிருந்து என்று மட்டும் சொல்வேன்.

மிலான் பிரதி பட்டியலில் இல்லை. அதற்காக யாரையும் என்னிடம் அனுப்ப வேண்டாம். வேண்டுமென்றால் நீங்களே வந்து கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி