அம்மாவைத் தூங்க விடாத உங்களுக்கு நன்றி

வணக்கமுங்க.

மார்கழிக் குளிரில் எங்கள் அம்மாவைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களில் சிலரிடம் பெயர்கூடக் கேட்கவில்லை. அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு அக்காவுக்கு. "வயசாச்சு, குளிருக்கு அசந்து தூங்குறாங்க" என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னபோது, "கட்டுத்தரையில மாடு கத்துனாவே எந்திரிக்கிற மனுசிங்க, இது தூக்கமில்லீங்க" என்று 108-க்குப் போன் போட்டவர் அவர்தான்.

வண்டியில் வந்த தம்பியின் தெர்மாமீட்டர் எண்ணே காட்டாமல் 'லோ' என்றது. தன் அக்குளில் வைத்துப் பார்த்தார், சரியாகவே காட்டியது. நாடி 42. கோபியிலிருந்து ஈரோடு போய்ச் சேருமுன்பே ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டார்.

அன்றிரவு பணியிலிருந்த டாக்டரம்மா, உப்பிய முகத்தைப் பார்த்தார். வீங்கிய காலை அழுத்தினார், குழி விழவில்லை. குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார். அசைந்த பாதம் மெல்ல, மிக மெல்லத் திரும்பியது. "தைராய்டு மாத்திரை சாப்பிட்டாங்களா?" உடம்புதான் நல்லாயிருக்குதே என்று அம்மாவே அதை நிறுத்தியிருந்தார். நிறுத்தினாலும் ரத்தத்தில் மெதுவாகத்தான் குறையுமாம், அதனால் உடனே தெரியவில்லை. நெஞ்சில் பிடித்த சளிதான் கடைசியில் மிக்சிடிமா கோமாவில், அதாவது தைராய்டு ஹார்மோன் மிகவும் குறைந்து உடம்பு அடங்கி நினைவு தப்பும் நிலையில், தள்ளியிருக்கிறது. சிகிச்சை கொடுத்தும் பலர் பிழைப்பதில்லை என்பதால், டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவுக்கு அவர் காத்திருக்கவில்லை. முதலில், அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஹார்மோனுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி. அந்தச் சுரப்பியும் தளர்ந்திருந்தால் தைராக்சின் என்ற தைராய்டு மருந்தை மட்டும் கொடுப்பது ஆபத்தாம். அப்புறம் தைராக்சின், ஊசியாகக் கிடைக்காததால் மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார்கள். சளிக்கு ஆன்டிபயாட்டிக்.

சித்தி கொண்டுவந்த சுடுதண்ணீர்ப் பையை நர்ஸ் அக்கா பிடுங்காத குறையாக வாங்கி வைத்துவிட்டார். திடீர்ச் சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து பிரஷர் இறங்கிவிடுமாம். கம்பளி போதும் என்றார். சித்திக்கு இன்னும் கோபம் ஆறவில்லை, அது வேறு கதை.

இப்போது அம்மா விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்கிறார். மறந்தாலும் அக்கா விடுவதில்லை, "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்டுவிடுகிறார்.

கடைசியாக, ஐசியு வாசலில் எங்களுக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவந்த பவானிக்கார அண்ணனுக்கு: உங்கள் தூக்குப்போசி எங்கள் வீட்டில்தான் இருக்கிறதுங்க. கோபிப் பக்கம் வந்தால் அவசியம் வாங்க. வெறும் போசியாகத் தர மாட்டோம்.

இப்படிக்கு,
அம்மாவின் மகள்