முள்வாங்கி ஒன்றும் சுற்றறிக்கை ஒன்றும்: கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களுக்கும்,

வணக்கம்.

என் மகளுக்கு வகுப்பில் உண்ணி கடித்திருந்த விவரம் தங்கள் அலுவலகம் வரை வந்துவிட்டதாக அறிகிறேன். "பெற்றோருக்கு உடனடியாகத் தகவல் தெரிவிக்கப்பட்டது" என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்களாம். உண்மைதான், தெரிவித்தார்கள். தெரிவித்ததோடு சரி. அதனால்தான் இந்த மடல்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளையின் உடம்பில் உண்ணி ஒட்டியிருப்பது தெரிந்தால், அதைப் பள்ளியிலேயே, அப்போதே, முறையாக எடுத்துவிட வேண்டும். அம்மா வரட்டும், அப்பா வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதைத் தாங்கள் எழுத்தில் தர வேண்டும்.

அறிக்கையில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். இரண்டாவது பாடவேளையில் பின்னால் இருந்த பிள்ளை பார்த்துச் சொல்லியிருக்கிறது. காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில், சாம்பல் நிறத்தில் உப்பிப்போய் ஓர் உண்ணி. உடனே என் மகளை வகுப்பிலிருந்து எழுப்பித் தாழ்வாரத்தில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமாம். சடை பட்டால் உண்ணி தலைக்குள் ஏறிவிடும் என்று யாரோ ஒரு பெரியவர் சொல்ல, அவள் சடையை வலது கையால் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி வந்ததும் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாலும், எங்கள் பக்கத்து டவுன் பஸ் எந்த நேரத்துக்கு வரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நான் போய்ச் சேர்ந்தபோது மதிய உணவு முடிந்து தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். என் மகள் அதே இடத்தில், அதே கையோடு உட்கார்ந்திருந்தாள். சத்துணவுத் தட்டு பக்கத்தில் தொடாமல் இருந்தது, சோறு காய்ந்து விளிம்பில் ஒட்டியிருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். வலது கை சடையைப் பிடித்திருக்கிறது, இடது கையால் எப்படிச் சாப்பிடுவது என்றாள். கையை இறக்கச் சொன்னேன். உடனே இறக்க முடியவில்லை, மரத்துப்போயிருந்தது.

அத்தனை பெரியவர்கள் இருக்கும் கட்டடத்தில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்திக்கு "கையைக் கீழே போடு, சாப்பிடு" என்று சொல்ல ஆளில்லை. ஊதுபத்தி நெருப்பைக் காட்டலாம் என்று சொல்ல ஆள் இருந்தது. மண்ணெண்ணெய் தடவலாம் என்று சொல்லவும் ஆள் இருந்தது. நல்லவேளை, இரண்டையும் யாரும் செய்யவில்லை. சூடு வைப்பதாலும் எண்ணெய் ஊற்றுவதாலும் உண்ணி தானாக விழட்டும் என்று காத்திருக்கிற நேரத்தில் அது கடித்த இடத்துக்குள் எச்சிலைக் கக்கக் கூடும். அது எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து கூடும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் எடுத்தார். கூர் முனையுள்ள முள்வாங்கியால் உண்ணியின் வயிற்றைப் பிடிக்காமல், தோலை ஒட்டி அதன் வாய்ப்பக்கத்தைப் பிடித்தார். திருகாமல், வெடுக்கென்று பிடுங்காமல், ஒரே சீராக நேராக மேலே இழுத்தார். வந்துவிட்டது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி மருந்து தடவினார். உண்ணியை விரலால் நசுக்காமல் ஒட்டும் நாடாவில் ஒட்டி மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. "இதைப் பள்ளிக்கூடத்திலேயே எடுத்திருக்கலாமே அம்மா" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும்.

ஆசிரியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பிள்ளையின் உடம்பைத் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று வகுப்பாசிரியை கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. எடுக்கும்போது வாய்ப்பகுதி தோலுக்குள் நின்றுவிட்டால் ஊர் என்ன பேசும் என்று எனக்கும் தெரியும். எளிதாக வந்தால் எடுக்கலாம், வராவிட்டால் தோண்டாமல் விட்டுவிடலாம், தோலே அதை வெளியே தள்ளிவிடும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஆனால் இதை ஒரு தாய் சொன்னால் ஆசிரியைக்குத் துணிவு வருமா? மேலிடத்திலிருந்து ஒரு தாள் வர வேண்டும். வருகைப் பதிவு, இலவசப் பொருள் கணக்கு என எல்லாவற்றுக்கும் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் கட்டம் இருக்கிறது. உண்ணிக்கும் ஒரு கட்டம் திறந்தால்தான் அது கடித்ததாக அரசு ஒப்புக்கொள்ளும் என்றால், தயவுசெய்து அதையாவது திறந்துவிடுங்கள்.

எடுத்த நாளைக் குறித்துவைப்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பெரும்பாலான உண்ணிக்கடியால் ஒன்றும் வருவதில்லை. வந்தால் சில நாளோ சில வாரமோ கழித்துத்தான் காய்ச்சலும் தடிப்பும் வரும். அதற்குள் கடித்ததை எல்லோரும் மறந்திருப்போம். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வருகிற ஸ்கரப் டைபஸ் இன்னும் மோசம். அதைப் பரப்புவது புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. கடித்தது தெரியாது. ஏறத்தாழ பத்து நாள் கழித்துக் காய்ச்சல் அடிக்கும்போது அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடத் தெரிந்திருக்க வேண்டும். பல பேருக்கு அந்தப் பொருக்குகூட இருக்காது. நேரத்தில் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் போன்ற விலை மலிந்த மருந்தே போதும். தாமதமானால் நுரையீரலையும் மூளையையும்கூடத் தாக்கும். தடுப்பூசி கிடையாது. 2024ஆம் ஆண்டின் முடிவில் பொதுச் சுகாதாரத் துறையே இது பற்றி அறிவுறுத்தல் விடுத்தது. அது எங்கள் பள்ளித் தகவல் பலகைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

உண்ணி எங்கிருந்து வருகிறது என்பதும் தங்களுக்குத் தெரியும். பள்ளியின் மேற்குச் சுவருக்கு அப்பால் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு. இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் கொல்லை வாசல் முடிகிற வீடு. முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு ஒருநாள் திறப்பார்கள், சாமி கும்பிட்டுவிட்டுப் பூட்டுவார்கள். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். முன்பக்கம் பர்மாத் தேக்குக் கதவைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். பின்பக்கம் கொல்லை முழுக்கச் சீமைக் கருவேலம், இடிந்த சுவர் வழியே ஆடும் நாயும் போய்வருகின்றன. நாயுண்ணிக்குச் சுவர் வெடிப்பு என்றால் கொண்டாட்டம். அங்கேதான் ஏறிப் போய் முட்டையிடும், அதுவும் ஆயிரக்கணக்கில். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இத்தனை பெரிய வீட்டில் வெடிப்புக்கா பஞ்சம்?

புதரை வெட்டச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். நானும் உறுப்பினர், கையெழுத்துப் போட்டேன். தனியார் இடம், கைவைக்க முடியாது என்றது ஊராட்சி. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர், எல்லாப் பங்காளிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு பங்காளி ஒப்புக்கொண்டால் இன்னொருவர் மாட்டேன் என்பது இந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, அதில் எங்களுக்கும் பெருமைதான். உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பலகை வருகிற அன்று, கொல்லைப்பக்கத்து உண்ணிகளையும் அந்தப் பாரம்பரியத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதரை வெட்டுவதும் பங்காளிகளைச் சேர்ப்பதும் தங்கள் கையில் இல்லை என்பது தெரியும். அது நடக்கிறபோது நடக்கட்டும். தங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

ஒவ்வொரு பள்ளியின் முதலுதவிப் பெட்டியிலும் கூர் முனை முள்வாங்கி ஒன்று வையுங்கள். கருவேல முள் குத்தாத பிள்ளை இங்கே யாருமில்லை, அதற்கும் உதவும். எப்படி எடுப்பது என்று சுகாதார நிலையத்துச் செவிலியரை வரவழைத்து ஆசிரியர்களுக்கும் சத்துணவு அமைப்பாளருக்கும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பள்ளி மருத்துவக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். உண்ணி கடித்த பிள்ளையைத் தனியே உட்கார வைக்கக் கூடாது, அது பிள்ளைக்குப் பிள்ளை தொற்றுகிற நோயல்ல என்று அந்தத் தாளில் தடித்த எழுத்தில் போடுங்கள். என் மகளை இப்போது வகுப்பில் "உண்ணி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதைச் சுற்றறிக்கையால் நிறுத்த முடியாது. ஆனால் வகுப்பாசிரியை நினைத்தால் முடியும்.

மறுபடியும் சொல்கிறேன். பள்ளியிலேயே, அப்போதே எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகு எங்களுக்குச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் வந்து பார்த்துக்கொள்கிறோம். அதற்கான ஒப்புதல் கடிதத்தைப் பெற்றோர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கித் தருகிற பொறுப்பை மேலாண்மைக் குழு உறுப்பினர் என்ற முறையில் நான் ஏற்கிறேன். சுற்றறிக்கை வருவதற்குள் முள்வாங்கிக்கு நிதி ஒதுக்க வழியில்லை என்றால், அதையும் தெரிவியுங்கள், திங்கட்கிழமை காரைக்குடிக்குப் போகும்போது எங்கள் பள்ளிக்கு நானே வாங்கி வந்துவிடுகிறேன். பதிலை அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குள் எழுத்தில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்